புழக்கடை ஜமாபந்தி

சரித்திர ஆசிரியர்களுக்குக் கணவாய் என்றால் தனிப் பிரியம். சமவெளியில் ஒரு படை எந்தத் திக்கிலும் போகலாம். கணவாயில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். போனவர்களும் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருக்கும் எங்கள் தொப்பூருக்குச் சரித்திரப் புத்தகங்களில் இரண்டு மூன்று வரி கிடைத்திருப்பது இந்தக் கணவாயின் புண்ணியத்தால்தான்.

அந்த இரண்டு மூன்று வரியும் சண்டையைப் பற்றியவை. 1790-ம் வருஷத்தில், மூன்றாவது மைசூர் யுத்தத்தின் போது, கர்னல் மாக்ஸ்வெல் வடக்கேயிருந்து பாரமகாலுக்குள் புகுந்தார். ஜெனரல் மெடோஸ் தெற்கேயிருந்து வந்து அவரோடு சேர்ந்தார். இரண்டு சேனைகளுக்கும் நடுவில் அகப்பட்டிருக்க வேண்டிய திப்பு சுல்தான், தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கிப் போய்விட்டார். துரத்தியவர்கள் வந்து சேருவதற்குள் கணவாய் காலியாக இருந்தது. இன்றைக்கு அந்தக் கணவாயில் லாரிகள் போகின்றன. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்ச் சில சமயம் செய்தித்தாளிலும் இடம்பெறுகின்றன. தொப்பூரின் பெயர் வெளியூரில் அடிபடுவதென்றால் படையெடுப்பு நடக்க வேண்டும், அல்லது லாரி கவிழ வேண்டும்.

ஆனால் ஓர் ஊரின் சரித்திரம் அதன் பெரிய ரஸ்தாவில் மட்டும் நடப்பதில்லை. அதில் ஒரு பங்கு வீட்டுக்குப் பின்பக்கத்தில் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் மேட்டு நிலம். வீட்டை ஒட்டிப் பின்னால் இருக்கும் இடத்துக்குப் புழக்கடை என்று பெயர். கிணற்றடியும் துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும் நாலு கத்தரிச் செடியும் இருந்தால் அது புழக்கடை. இந்த இடத்துக்கு யாரும் சரித்திரம் எழுதுவதில்லை. ஏன் என்று யோசித்துக் கொண்டு போனால், கணவாயில் திப்புவைத் தவறவிட்ட அதே சேனையில் இருந்த ஓர் இளம் உத்தியோகஸ்தரிடம் போய் நிற்கிறோம். அவர்தான் தாமஸ் மன்றோ.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கும்பினியாருக்கு வந்து சேர்ந்தது. அதை நிர்வாகம் செய்யக் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரை நியமித்தார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் மன்றோ. 1761-ல் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்து, 1780-ல் சென்னைக்கு வந்தவர். 1799 வரையில் ஏழு வருஷம் தர்மபுரியில் இருந்தார். ஊர் ஊராகப் போய், வயல் வயலாக அளந்து, எந்த நிலத்தில் என்ன விளையும், அதில் சர்க்காருக்கு என்ன பங்கு, ரயத்துக்கு என்ன மிச்சம் என்று கணக்கெழுதினார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் ரயத்தோடு நேராகவே தீர்வை பேசும் முறை இங்கேதான் உருவாயிற்று. பின்னால் ராஜதானியின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு எங்கள் ஜில்லாவின் செம்மண் தொட்டிலாக இருந்தது என்று சொல்லலாம்.

பகலெல்லாம் பிறத்தியார் நிலத்தை அளந்த மன்றோ, தமக்காக ஒரு தோட்டமும் போட்டுக் கொண்டார். தர்மபுரியில் அவர் வைத்த அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு அளவு கடந்த பற்று. வேலை நிமித்தமாக வெளியூர் போய்த் திரும்பினால், தாம் நட்ட மரங்கள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். மாற்றல் வந்து கன்னடக் கடற்கரைக்குப் போன பிறகு, தர்மபுரியையும் அந்த மரங்களையும் பிரிந்த வருத்தத்தைத் தம் வீட்டாருக்கு எழுதினார். அவருடைய கடிதங்கள் 1830-ல் கிளெய்க் என்ற பாதிரியார் எழுதிய அவருடைய சரித்திரத்தில் அச்சாகியிருக்கின்றன. யுத்தத்தையும் வரியையும் பற்றி எழுதிய கை, செடிகொடிகளைப் பற்றி எழுதும்போது இளகிவிடுவதை அதில் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ரசிகர் அளந்த பூமியிலும் புழக்கடைக்குக் கணக்கு ஏற்படவில்லை. காரணம் அலட்சியமல்ல. ஊர் குடியிருக்கும் இடத்துக்கு நத்தம் என்று பெயர். ரயத்துவாரி முறையில் நத்தத்துக்கு நிலத்தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத இடத்தில் எந்தப் பயிர் எவ்வளவு விளைந்தது என்று எந்தக் கர்ணமும் குறித்து வைக்கவில்லை. கணக்கில்லாத இடத்துக்குச் சரித்திரமும் இல்லாமல் போய்விட்டது.

வருஷா வருஷம் பசலி முடிகிற சமயத்தில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளைக் கொண்டுவந்து, யார் எதைப் பயிரிட்டார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சரி பார்க்கிறார்கள். சர்க்கார் செய்யாமல் விட்ட புழக்கடை ஜமாபந்தியைக் கதை எழுதுகிறவன் ஒருவன் செய்து பார்த்தால் தவறில்லை அல்லவா? என் வீட்டுப் புழக்கடை மொத்தம் இரண்டரை சென்ட். கணக்குப் பார்க்க அதுவே தாராளம்.

முதலில் அடங்கல், அதாவது, இருக்கிற பயிர்கள் எவை, அவை எங்கிருந்து வந்தன என்ற விவரம்.

மிளகாயை எடுத்துக் கொள்ளுங்கள். மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் அதற்குத் தமிழில் தனிப் பெயர்கூட இல்லை. மிளகைப்போல் காரமாக இருக்கும் காய், ஆகவே மிளகாய். 1492-ல் கொலம்பஸ் மிளகைத் தேடிக் கொண்டு கப்பலேறி, மிளகு விளையாத அமெரிக்காவில் போய் இறங்கி, மிளகாயைக் கண்டான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து மிளகைக் கண்டான். அவனுக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள் மிளகை ஏற்றிக்கொண்டு போயின. மிளகாயை நமக்குக் கொண்டு வந்தன. வியாபாரம் நமக்கு நஷ்டமில்லை.

பரங்கிக்காய் தன் பிறப்பைப் பெயரிலேயே சொல்லிக் கொள்கிறது. அதுவும் பரங்கியர் கொண்டுவந்த அமெரிக்கச் சரக்குத்தான். பப்பாளியும் கொய்யாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தக்காளியின் கதை வேறு. தக்காளி என்ற பெயர் நம்முடையது, செடிதான் வந்தது. வேலியோரத்தில் தானாக முளைத்து, காகிதக்கூடு போட்ட சிறிய பழம் தரும் சொடக்குத் தக்காளிக்கும், கறுப்பாகக் காய்க்கும் மணத்தக்காளிக்கும் இருந்த பெயரைப் புதிதாக வந்தவன் எடுத்துக் கொண்டான். கொஞ்ச காலம் சீமைத் தக்காளி என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு சீமை உதிர்ந்து போயிற்று. இன்று தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி வெளியூர்ச் சந்தைகளுக்கெல்லாம் லாரியில் போகிறது. பழைய தக்காளி குப்பைமேட்டு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

இந்த மண்ணின் பழைய குடிகளும் உண்டு. கத்தரிக்காய் இந்தியாவிலேயே பழகி வந்த காய். வழுதுணங்காய் என்பது அதற்குத் தமிழில் பழைய பெயர். அதன் சம்ஸ்கிருதப் பெயர் பாரசீகத்துக்குப் போய், அரபு நாட்டில் வேஷம் மாறி, போர்ச்சுகலில் தங்கி, கடைசியில் பிரிஞ்சால் என்ற உருவத்தில் வெள்ளைக்காரர்களோடு பிறந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. முருங்கைக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. உலகத்துத் தாவர சாஸ்திரிகள் எல்லோரும் அதை மொரிங்கா என்று தமிழ்ப் பெயரிட்டே அழைக்கிறார்கள்.

ஆக, இரண்டரை சென்டில் பாதிப் பேர் கடல் கடந்து வந்தவர்கள், பாதிப் பேர் பழைய குடிகள். சேர்ந்து வாழ்வதில் அவர்களுக்குள் தகராறு எதுவும் இல்லை. தகராறு, விளைந்ததைப் பங்கு போடுவதில்தான்.

ஜமாபந்தியில் இதுதான் கஷ்டமான கட்டம். என் புழக்கடையில் விளைவதில் எனக்கு மட்டும் பாத்தியதை என்று நான் நினைத்தால் போதாது. மற்றப் பங்காளிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொய்யாவில் முதல் பழம் அணிலுக்கு. எந்தப் பழம் இன்றைக்குப் பதம் என்பதில் அதற்கு இருக்கும் ஞானம் நமக்கு வராது. காலை ஏழு மணிக்குக் கிளிகள் வரும். அவை தின்பது கால், கடித்துக் கீழே போடுவது முக்கால். தக்காளி பழுத்தால் கொண்டைக் குருவிக்கு யாரோ தந்தி கொடுத்துவிடுகிறார்கள். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து, கல்யாண வீட்டுச் சம்பந்திகளைப்போல் ஓயாமல் பேசிக் கொண்டே சருகைப் புரட்டிப் போடும். மத்தியான்னத்தில் செம்போத்து ஒன்று சிவந்த கண்ணோடு முருங்கை அடியில் நடந்து வரும். அதன் நடையில் பழைய காலத்து ரெவினியூ இன்ஸ்பெக்டரின் தோரணை இருக்கிறது. சாயங்காலம் கீரி வந்தால் மற்றவர்கள் எல்லோரும் ஏகமாகக் கூச்சல் போடுவார்கள்.

என் மனைவிக்கு இந்தப் பட்டியலில் அவ்வளவு ரசனை இல்லை. "வேடிக்கை உங்களுக்கு, தக்காளி எனக்கா?" என்பது அவளுடைய கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. சாம்பாருக்குப் போட வேண்டியதைக் குருவி கொத்திவிட்டால், அந்தக் குருவியின் கொண்டை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொல்லி வீட்டாரைத் திருப்தி செய்ய முடியாது. ஆகவே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எடுப்பவர்கள் ஏதாவது கொடுக்கிறார்களா?

பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் தேனீ ஒன்று இதிலிருந்து அதற்குப் போகாவிட்டால், பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கத்தரிப் பூவில் மகரந்தம் ஒரு சிறிய குழாய்க்குள் இருக்கிறது. அதன் நுனியில் துளை. சில வகைத் தேனீக்கள் பூவைக் கட்டிப் பிடித்துக் கொண்டு உடம்பை அதிரச் செய்யும். ரீங்காரம் கேட்கும், உப்பு ஜாடியைத் தட்டியதுபோல் மகரந்தம் கொட்டும். மழை முடிந்ததும் முருங்கை அடிமரத்தில் கம்பளிப் பூச்சிகள் அப்பிக் கொள்ளும். மனிதன் கிட்டப் போனால் உடம்பெல்லாம் தடிக்கும். செம்போத்து அதைப் பலகாரம்போல் தின்கிறது. தவிட்டுக் குருவிகள் சருகைப் புரட்டுவதும் புழு பூச்சிகளுக்காகத்தான்.

மிளகாயின் ஏற்பாடு எல்லாவற்றிலும் விசித்திரமானது. அதன் காரம் நமக்கும் எலிக்கும் உறைக்கிறது, பறவைகளுக்கு உறைப்பதில்லை. எலி தின்றால் விதையைக் கடித்து அரைத்துவிடும். பறவை விழுங்கினால் விதை முழுசாக வெளியே வந்து முளைக்கும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று செடியே தீர்வை நிர்ணயம் செய்து வைத்திருக்கிறது. கொண்டைக் குருவி வழக்கமாக உட்காரும் மதிலுக்குக் கீழே, நான் விதைக்காத மிளகாய்ச் செடி ஒன்று நிற்கிறது. அது அந்தக் குருவி கட்டிய கிஸ்து.

பங்காளியே வேண்டாம், முழு மகசூலும் எனக்கே என்று ஒரு தேசமே தீர்மானம் செய்ததும் உண்டு. 1958-ல் சீனாவில் நான்கு பிராணிகளை ஒழிப்பதென்று இயக்கம் தொடங்கினார்கள். எலி, ஈ, கொசு, நாலாவது சிட்டுக் குருவி. குருவி தானியம் தின்கிறது என்பது அதன் மேல் குற்றச்சாட்டு. ஜனங்கள் திரள் திரளாக வெளியே வந்து தட்டையும் தமுக்கையும் அடித்து, குருவிகளை எங்கும் உட்கார விடாமல் பறக்கவிட்டு, களைத்து விழச் செய்து கொன்றார்கள். குருவிகள் போயின, அவை தின்று வந்த பூச்சிகள் போகவில்லை. குருவி தானியத்தோடு ஏராளமான பூச்சிகளையும் தின்கிறது என்று அந்த நாட்டு விஞ்ஞானிகளே எடுத்துச் சொன்னார்கள். 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப் பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த வருஷங்களில் சீனாவில் வந்த பயங்கரப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அந்தக் காரணங்களில் குருவியின் மௌனமும் ஒன்று.

நாம் தமுக்கு அடிக்கவில்லை, மருந்து அடித்தோம். யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. முதலான மருந்துகள் வந்தபோது எல்லோருக்கும் அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. 1962-ல் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, வசந்த காலத்தில் பறவைக் குரல் கேட்காமல் போகும் நிலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி உலகத்தை விழிக்கச் செய்தார். நம் தேசத்தில் விவசாயத்துக்கு டி.டி.டி. உபயோகிப்பது 1989-ல் நிறுத்தப்பட்டது. எண்டோசல்பானைச் சுப்ரீம் கோர்ட் தடுத்தது 2011-ல். வளர்ந்த சிட்டுக் குருவி தானியத்தில் பிழைத்துக் கொள்ளும். குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். ஒரு புழுகூட இல்லாத கத்தரிச் செடியைக் காட்டிப் பெருமைப்படுகிறவர், அதே மூச்சில் குருவியெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே பாட்டிலில் இருக்கிறது.

இப்படிச் சொல்வதால், யார் எதை எடுத்தாலும் சும்மா இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. பங்கு விடுவது வேறு, வாரிக் கொடுப்பது வேறு. கணவாயில் காரை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கோத்தும் கொடுக்கிறவர்கள் புண்ணியம் தேடிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறார்கள். குரங்கு மலையில் காய் கனி தேடுவதை விட்டு ரஸ்தா ஓரத்தில் உட்காருகிறது, லாரியில் அடிபடுகிறது, கார் வராத நாளில் வீட்டுக் கூரையைப் பிரிக்கிறது. அது தர்மமுமல்ல, பங்குமல்ல.

வேலியில் இடம் கொடுத்த ஒன்று ஊரையே கேட்ட கதையும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. மன்றோ தர்மபுரியில் தோட்டம் போட்ட அதே காலத்தில், சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டைப் பக்கத்தில் கள்ளித் தோட்டம் போட்டார். அமெரிக்காவில் சப்பாத்திக் கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து அருமையான சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயின் தேசத்தார் பணம் குவித்து வந்தார்கள். கும்பினியாருக்கும் அந்த ஆசை வந்தது. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து, அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. வந்தது சரியான ஜாதியல்ல, சாயம் மட்டம். வியாபாரம் படுத்தது. கள்ளி படுக்கவில்லை. அந்தப் பூச்சிக்கு மசியாத ஒரு ஜாதிக் கள்ளி, வேலிக்கு நல்லது என்று ஊருக்கு ஊர் நடப்பட்டு, பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, நிலங்களையும் வழித்தடங்களையும் அடைத்துக் கொண்டது. பாம்புக்கும் தேளுக்கும் அதற்குள் பரம சௌக்கியம். வெட்டினால் வெட்டின துண்டெல்லாம் வேர்விட்டது.

கடைசியில் அதற்கு முடிவு வந்தது 1926-ல். இலங்கையிலிருந்து அதே குலத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளையாக அப்பிக் கொண்டு, சில வருஷங்களில் தென்னாட்டுக் கள்ளிக் காடுகளைச் சாய்த்துவிட்டது. மனிதர்கள் அரிவாளோடு தலைமுறை தலைமுறையாகச் செய்ய முடியாததை, நகத்தால் நசுக்கக்கூடிய ஒரு பூச்சி செய்து முடித்தது. எல்லாப் பூச்சியும் விரோதியல்ல என்பதற்கு எங்கள் ஊர்களின் வெட்டவெளி சாட்சி. ஒரு ஜீவனைப் புதிய இடத்துக்குக் கொண்டு வரும்போது, அதற்குப் பங்காளியாக யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி.

பங்கு என்ற வார்த்தை எங்கள் பக்கத்தில் விளையாட்டு வார்த்தையல்ல. 1876 முதல் 1878 வரையில் அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. தொப்பூரும் தர்மபுரியும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-ல். 1871-ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் சுமார் 16 லட்சம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பவர்கள் செத்தவர்களும், ஊரை விட்டுப் போனவர்களும், பிறக்காமல் போனவர்களும். அந்தச் சமயத்தில் நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு போதும் என்று ஒரு விவாதம் நடந்தது. ஒரு பவுண்டு தானியத்துக்கு உண்டான கூலி போதும் என்றார் சர் ரிச்சர்ட் டெம்பிள். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைப் பலமாக எதிர்த்தார். ஒரு பவுண்டில் வேலை செய்கிறவன் உடம்பு நிற்காது, தானியத்தைக் கூட்ட வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. டெம்பிளின் கணக்கில் காய்கறிக்குக் காலம் இல்லை. புழக்கடை எந்த ஏட்டிலும் இல்லாமல் போனதன் தொடர்ச்சிதான் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

புழக்கடை இருந்திருந்தால் பஞ்சம் வந்திராது என்று சொல்ல முடியாது. கிணறு வற்றினால் கத்தரியும் வாடும். ஆனால் யாரும் விதைக்காமல் ஒரு மழைக்கு முளைக்கும் பண்ணைக் கீரையும் குப்பைக் கீரையும் எங்கள் ஊர்ப் பாட்டிமார்களுக்கு அடையாளம் தெரியும். களை என்று பிடுங்கி எறிகிற இடத்தில் அவர்கள் ஒரு வேளைச் சமையலைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை பழைய பசியிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பார்வை என்றதும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியவில்லை. பம்பாய் ராஜதானியில் சுங்கமும் உப்புவரியும் வசூலித்த எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன், 1883-ல் தம் வீட்டையும் தோட்டத்தையும் சுற்றியுள்ள எலி, பல்லி, தவளை, எறும்பு, காக்கை இவற்றைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 'என் எல்லைப்புறத்து ஜாதிகள்' என்பதுபோல் அதற்கு ஒரு பெயர். மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு எல்லைப்புறம் என்றால் ஆப்கானிஸ்தானம். அவருக்கு வீட்டுத் தாழ்வாரம். அதே வருஷம் பம்பாயில் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் நம்மவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இடைவிடாமல் எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி அவர் எவ்வளவு கவனமாக எழுதினாரோ, அவ்வளவு கவனமாக அணிலைப் பற்றியும் எழுதினார். தகப்பனார் வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களைப் பார்த்தார். பிள்ளை வீட்டுக்கு வெளியே இருப்பவர்களைப் பார்த்தார். பார்த்ததை மிகைப்படுத்தாமல் சொல்லும் குணம் மட்டும் இருவருக்கும் பொது. வாயில்லா ஜீவன்களுக்காக ஜமாபந்தியில் ஆஜரான வக்கீல்கள் என்று இவர்களைச் சொல்லலாம். இவர்கள் கேட்டதெல்லாம், கல்லை எடுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள் என்பதுதான். அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கிடைப்பது கொய்யாப் பழத்தின் விலைக்கு மேல் என்பது என் சொந்த அனுபவம்.

இனி ஜமாபந்தியை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கும் மன்றோதான் வழி காட்டுகிறார். தர்மபுரியில் கற்ற தொழிலைப் பிறகு பல்லாரி, கடப்பைப் பக்கத்து ஜில்லாக்களில் செய்து பார்த்துவிட்டு, 1807-ல் அவர் மேலிடத்துக்கு ஒரு யோசனை எழுதினார். ரயத்து கொடுக்கும் தீர்வை அதிகம், நூற்றுக்கு 25 வீதம் குறைத்துவிடலாம் என்பது அதன் சாரம். விளைச்சலில் சர்க்காருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு போதும். மிச்சத்தை ரயத்திடம் விட்டால் அவன் கிணறு வெட்டுவான், தரிசைத் திருத்துவான், நிலம் விலை பெறும், கடைசியில் சர்க்காருக்கும் நஷ்டம் வராது என்று அவர் நினைத்தார். மேலிடத்தார் உடனே சம்மதிக்கவில்லை. கையில் இருக்கும் காசை விடுவது எந்த மேலிடத்துக்கும் சுலபமல்ல. 1820-ல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு அமலுக்கு வந்தது. 1827-ல் அதே ஜில்லாக்களில் சுற்றுப் பிரயாணம் செய்யும்போது பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். அங்கே அவர் ஞாபகமாக ஒரு கிணறு வெட்டி, ஒரு தோப்பு வைத்தார்கள். மரத்தை நேசித்தவருக்கு அது பொருத்தமான ஞாபகச் சின்னம்.

என் புழக்கடையிலும் நூற்றுக்கு 25 தள்ளுபடி என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இங்கே மேலிடம் சமையலறை. தக்காளிக்கு மட்டும் வலை கட்டிக் கொள்வது, கொய்யாவின் மேல்கிளையைத் தொடுவதில்லை, மருந்து வாங்குவதில்லை, வேலியோரத்து மணத்தக்காளி யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு என்று சமரசமாயிற்று. இதில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நல்ல ஜமாபந்திக்கு அது அடையாளம்.

இந்தத் தள்ளுபடியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பங்கு விடத் தெரிந்தவனுக்குத்தான் விதை எடுக்கத் தெரியும். எல்லாக் காயையும் பறித்துவிடுகிறவன் அடுத்த வருஷம் கடையில் பொட்டலம் வாங்க வேண்டும். பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் ஒட்டு ரகம். அதன் காயிலிருந்து விதை எடுத்து நட்டால், தாய்ச் செடியின் குணம் அப்படியே வருவதில்லை. ஊருக்கு ஊர் ஒரு கத்தரிக்காய் இருந்த காலம் அப்படித்தான் கை நழுவிக் கொண்டிருக்கிறது. 2010-ல் மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு மத்திய சர்க்கார் தடை போட்டபோது, தேசமெங்கும் மேடை போட்டு வாதாடினார்கள். அந்த வாதத்தில் யார் ஜயித்தாலும், புழக்கடையில் ஒரு செடியின் நல்ல காயாகப் பார்த்து ஒன்றைப் பறிக்காமல் விடுகிறவர்கள் இல்லாவிட்டால் பழைய ரகம் பிழைக்காது.

இப்போது கிணற்றடிக் கத்தரிச் செடியில் அப்படி ஒரு காய் நிற்கிறது. பறிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. ஊதா நிறம் போய் மஞ்சளாகி, தோல் சுருங்கி, சமையலுக்கு ஒன்றுக்கும் உதவாத நிலைமைக்கு வந்துவிட்டது. கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது நஷ்டம். அடுத்த ஆடிக்கு இந்தப் புழக்கடையின் கத்தரி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.